எலி, கரப்பான் பூச்சி, ஒரு நோபல் பரிசு: ஃபிபிகர் எங்கே சறுக்கினார்?

புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று கொடுக்கப்பட்ட முதல் நோபல் பரிசு, தப்பான ஒரு முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஃபிபிகர். மோசடிக்காரரா? இல்லவே இல்லை. அவர் காலத்தில் அவரளவுக்குக் கறாராக ஆய்வு செய்தவர்கள் குறைவு. அதனால்தான் இந்தக் கதை உறுத்துகிறது.

1867இல் சில்கபோர்க் நகரில் பிறந்தவர். அப்பா டாக்டர், அம்மா எழுத்தாளர். மருத்துவம் முடித்துவிட்டு பெர்லினில் ராபர்ட் கோக், பேரிங் ஆகியோரிடம் வேலை கற்றார். அப்போது டிப்தீரியா குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. புதிதாக வந்த சீரம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும். ஃபிபிகர் 1896-97இல் கோபன்ஹேகன் மருத்துவமனையில் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். ஒருநாள் சேரும் நோயாளிகளுக்கு சீரம் உண்டு, மறுநாள் சேருபவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சீரம் பெற்ற 239 பேரில் 8 பேர் இறந்தார்கள். பெறாத 245 பேரில் 30 பேர். நவீன மருந்துப் பரிசோதனைகளின் முன்னோடி என்று இதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்து வந்தது எலி. 1907இல் காசநோய் ஆய்வுக்காக எலிகளை அறுத்துப் பார்த்தபோது, மூன்று எலிகளின் முன் இரைப்பையில் கட்டிகள் தெரிந்தன. உள்ளே உருளைப்புழுக்கள். எலியின் முன் இரைப்பையை மூடியிருக்கும் தோல் போன்ற அடுக்கு, வாய்க்குள் இருக்கும் அதே வகைதான். மனிதர்களுக்கு வரும் வாய்ப் புற்றில் பெரும்பாலானவை இந்த வகை அடுக்கில் தொடங்குபவை.

கோபன்ஹேகனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தேடினார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் கரப்பான் பூச்சிகள் மொய்த்த ஒரு சர்க்கரை ஆலை எலிகளில் அந்தப் புழு கிடைத்தது. பூச்சிக்குள் வளரும் புழுக்குஞ்சு, பூச்சியைத் தின்ற எலிக்குள் போகிறது. அங்கே கட்டி வருகிறது. 1913இல் இதை அறிவித்தார். விலங்குக்கு வேண்டுமென்றே புற்றுநோயை வரவைக்க முடியும் என்றால் அது எப்படி வளர்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாமே! உலகமே பரபரப்பானது. 1926ஆம் ஆண்டுக்கான நோபல், 1927இல் கைக்கு வந்தது. சில வாரங்களில், 1928 ஜனவரியில், 60 வயதில் இறந்துபோனார்.

இறந்த பிறகுதான் சிக்கல் வெளியே வந்தது. அந்த எலிகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெள்ளை ரொட்டியும் தண்ணீரும். அதில் வைட்டமின் ஏ எங்கே இருக்கும்? அந்தச் சத்து இல்லாவிட்டால் உள் அடுக்கு தானாகவே தடித்துக் கெட்டியாகும். புழுவும் சேர்ந்து அரிக்க, வீங்கிக் கட்டி போலத் தெரியும். 1952இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். புண்ணும் தடிப்பும் வந்தன, புற்றுநோய் வரவில்லை. சீரத்துக்கு அவ்வளவு நேர்த்தியாக ஒப்பீடு வைத்தவர், எலியின் சாப்பாட்டைப் போதுமான அளவுக்குப் பிரித்துப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அதே பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஜப்பானின் யமகிவா, முயல் காதில் மாதக்கணக்காகத் தாரைத் தடவி 1915இலேயே நிஜப் புற்றை வரவைத்திருந்தார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வகங்கள் பின்பற்றியது அவர் வழியைத்தான். 1950களில் ஹாம்ஸ்டரின் கன்னப் பைக்குள் தாரில் உள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு ரசாயனத்தைத் தடவினார்கள். பிறகு எலிகளின் குடிநீரில் வேறொரு ரசாயனத்தைக் கலந்து கொடுத்தார்கள். முதலில் நாக்கில் தடிப்பு, பிறகு செல்கள் உருக்குலைவது, கடைசியில் புற்று என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்க முடிகிறது. பக்கத்துக் கூண்டில் அதே வயது, அதே தீவனம், ரசாயனம் இல்லாத தண்ணீர் என்று இன்னொரு கூட்டம் எலிகள் கட்டாயம் இருக்கும்.