உலக சாதனை இருந்தும் ஒலிம்பிக் வாய்ப்பு இல்லை: யார் இந்த யோஹான்னே கோல்ஸ்டாட்?

2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான ஸ்கீ ஜம்பிங் முதன்முறையாக இடம்பெற்றது. ஆண்களுக்கு இதே போட்டி 1924-லேயே வந்துவிட்டது. இடைவெளி 90 ஆண்டுகள். அப்படின்னா, அதுவரை பெண்கள் யாரும் இந்த விளையாட்டுப் பக்கமே வரலையா? வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் நார்வேயின் யோஹான்னே கோல்ஸ்டாட்.

ஸ்கீ ஜம்பிங்கில் என்ன செய்வார்கள்?

நீளமான ஸ்கீ பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, செங்குத்தான பனிச்சரிவில் வேகமாகச் சறுக்கி வந்து, விளிம்பில் இருந்து பாய வேண்டும். எவ்வளவு தூரம் போய் இறங்குகிறார் என்பதற்கு மதிப்பெண் உண்டு. காற்றில் உடலை வைத்திருந்த விதம், தரையிறங்கிய விதம் ஆகியவற்றுக்கு நடுவர்கள் தனியாக மதிப்பெண் தருவார்கள். இரண்டையும் கூட்டித்தான் வெற்றியாளரை முடிவு செய்வார்கள். தூரம் தாண்டினால் மட்டும் போதாது, போட்டியாளர் பட்டியலில் பெயரும் இருக்கணும். கோல்ஸ்டாடுக்குச் சிக்கலே அங்கேதான்.

இடைவேளையில் மட்டும் அனுமதி

1913 மார்ச் 7-ல் பிறந்த கோல்ஸ்டாட், டோக்கா என்ற ஊர்ப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய சகோதரிகளும் ஸ்கீ ஜம்பிங் செய்தவர்கள்தான். 1930-களில் அவரும் ஹில்டா பிராஸ்கெரூட் என்ற இன்னொரு நார்வே பெண்ணும் உலகின் முன்னணி வீராங்கனைகள்.

ஆனா, நார்வேயின் தேசியப் போட்டிகளில் பெண்களுக்கு இடம் இல்லை. ஆண்கள் போட்டியின் இடைவேளையில் குதித்துக் காட்டலாம், அவ்வளவுதான். அதே சரிவு, அதே பனி, அதே கூட்டம். ஆண்கள் தாண்டிய தூரத்தை இவர்களும் தாண்டினார்கள். இருந்தும் முடிவுப் பட்டியலில் பெயர் வராது. தரையிறங்கும் அதிர்ச்சியைப் பெண்ணுடல் தாங்காது, பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது.

அமெரிக்காவில் ஸ்கீ ராணி

1933-ல் கோல்ஸ்டாட் அமெரிக்கா போனார். அங்கே ஸ்கீ ராணி என்ற பட்டப்பெயருடன் கூட்டத்தின் முன் குதித்தார். 1938-ல் பெர்லினில் 72 மீட்டர் தாண்டினார். இது ஜெர்மனியின் பெர்லின் இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். பெண்களில் அது உலக சாதனை.

72 மீட்டர் எவ்வளவு பெருசு? 1936 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வே வீரர் பிர்கர் ரூட் தாண்டிய தூரங்கள் 75 மீட்டர், 74.5 மீட்டர். ஆனா இந்த இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிட முடியாது. சரிவின் அளவு இடத்துக்கு இடம் மாறும், காற்றும் பனியும் மாறும். ஒரே நாளில், ஒரே சரிவில், ஒரே போட்டியில் இருவரும் குதித்திருந்தால்தான் யார் மேல் என்று சொல்ல முடியும். கோல்ஸ்டாடுக்குக் கிடைக்காமல் போனது அந்தப் போட்டிதான்.

அதற்குப் பிறகு?

அவருடைய சாதனையைக் கடந்தவர் இன்னொரு நார்வே பெண், அனிதா வோல்ட். 1976-ல் ஜப்பானின் சப்போரோவில் வோல்ட் 97.5 மீட்டர் தாண்டினார். அப்போதும் பெண்களுக்கு உலக சாம்பியன்ஷிப் கிடையாது.

கோல்ஸ்டாட் 1997 ஜூலை 17-ல், 84 வயதில் இறந்தார். அதற்குப் பிறகும் பழைய நம்பிக்கை போகவில்லை. 2005-லகூட சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் தலைவர், மருத்துவ ரீதியில் இது பெண்களுக்குப் பொருந்தாது என்ற பொருளில் பேசினார். 2009-ல்தான் உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவு வந்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் இடம் கேட்டு வீராங்கனைகள் கனடா நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது பாகுபாடு என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு உத்தரவிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்தது.

நார்வே பெண் ஒருவர் இதில் ஒலிம்பிக் தங்கம் வென்றது 2018-ல். அவர் மாரென் லுண்ட்பி. டோக்கா இருந்த அதே ஓப்லாந்து மாவட்டத்துக்காரர். கோல்ஸ்டாடின் 72 மீட்டருக்கும் அந்தத் தங்கத்துக்கும் இடையே 80 ஆண்டுகள்.

கணக்கு இன்னும் முடியவில்லை. ஸ்கீ ஜம்பிங்கையும் பனியில் ஸ்கீ ஓட்டத்தையும் சேர்த்து நடத்தும் நார்டிக் கம்பைன்ட் போட்டி, 2026 குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஆண்களுக்கு மட்டும்தான்.