விரலில் வந்து தீனி தின்ற ஆந்தை!

போர்க்களத்து ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் விளக்குடன் நோயாளிகளைக் கவனித்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவருக்கு ஒரு செல்லப் பறவை இருந்தது. அது ஓர் ஆந்தை!

அம்மையார் 1820-ம் ஆண்டில் பிறந்தவர். ஆங்கிலேயப் பணக்கார வீட்டுப் பெண். நர்ஸ் ஆக விரும்பினார். அந்தக் காலத்தில் அது மதிப்பான வேலை அல்ல. அதனால் பெற்றோர் சம்மதிக்கவில்லை. மனம் நொந்திருந்த அவரைக் குடும்ப நண்பர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கு அழைத்துப் போனார்கள்.

1850-ல் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரம். அங்கே குன்றின் மேல் பார்த்தினான் என்ற பழைய கோவில் இருக்கிறது. அந்த இடத்தில் சிறுவர்கள் சிலர் எதையோ வைத்து விளையாடிக்கொண்டு இருந்தார்கள். அம்மையார் பார்த்தார். கூட்டில் இருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு! சில்லறைக் காசு கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

ஆந்தை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கிரேக்கர்களுக்கு அது அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை. குஞ்சுக்கும் அதீனா என்றே பெயர் வைத்தார்.

வணக்கம் போடும்!

காட்டுப் பறவை லேசில் வசப்படுமா? அம்மையார் பொறுமையாகப் பழக்கினார். சாப்பாட்டு நேரத்தில் அது அவர் விரலில் வந்து உட்காரும். தீனி தின்னும். பிறகு மேசையில் நின்று தலை குனிந்து வணக்கம் போடும்! வெளியே போகும்போது அவர் சட்டைப் பையில் இருக்கும். விருந்தாளிகளை மட்டும் அதற்குப் பிடிக்காது. கொத்திவிடும்.

கடைசியில் பெற்றோர் இணங்கினார்கள். 1853-ல் லண்டனில் ஒரு சிறு ஆஸ்பத்திரிக்கு அம்மையார் தலைவி ஆனார்.

பரணில் தனியே

1854-ல் கிரிமியப் போர் நடந்தது. காயம் பட்ட சிப்பாய்கள் துருக்கியில் கவனிப்பார் இல்லாமல் செத்துக்கொண்டு இருந்தார்கள். நர்சுகளுடன் உடனே போகும்படி மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரைக் கேட்டார். சில நாளில் புறப்பட வேண்டும். வீடே அமளிப்பட்டது.

அந்த அவசரத்தில் வீட்டார் அதீனாவைப் பரணில் விட்டுவிட்டார்கள். எலி பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். எப்படிப் பிழைக்கும்? நாலு வருடம் மனிதர் கையால் தின்ற பறவை ஆயிற்றே! அது இறந்துபோனது.

அந்தச் சிறு உடலைக் கையில் வாங்கியதும் அம்மையார் அழுதுவிட்டார். உடல் கெடாதபடி பாடம் செய்து வைக்க ஏற்பாடு செய்தார். அக்டோபர் 21-ந் தேதி 38 நர்சுகளுடன் புறப்பட்டார்.

மறு வருடம் போர் நடந்த இடத்தில் அம்மையாரே கடும் காய்ச்சலில் விழுந்தார். அவரைத் தேற்ற அக்காள் பார்த்தினோப், அதீனாவின் கதையைப் படங்களுடன் கையால் எழுதிப் புத்தகமாக அனுப்பினார்.

அம்மையார் 1910-ல் தமது 90-வது வயதில் காலமானார். அந்த ஆந்தை, லண்டனில் அவர் பெயரால் உள்ள காட்சிசாலையில் இருக்கிறது.