மேரி கிளப்வாலா ஜாதவ்

மேரி கிளப்வாலா ஜாதவ் (1909 – 1975) சென்னையில் வாழ்ந்த சமூக சேவகர். பல தொண்டு நிறுவனங்களை உருவாக்கியவர். பார்சி சமூகத்தைச் சேர்ந்த இவர், தென்னிந்தியாவில் சமூகப்பணியை முறையான பயிற்சியும் தகுதியும் உடைய ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். 1952ஆம் ஆண்டில் சென்னை சமூகப்பணிப் பள்ளி இவரது முயற்சியால் தொடங்கப்பட்டது. இந்திய அரசின் பத்மசிறீ, பத்ம பூசண், பத்ம விபூசண் ஆகிய மூன்று விருதுகளையும் பெற்றவர். சமூகப்பணியில் பட்டமோ பட்டயமோ பெறாத ஒருவரே அத்தகைய தகுதியை வழங்கும் நிறுவனத்தை ஏற்படுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இளமையும் குடும்பமும்

மேரி 1909ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்தின் நீலகிரி மாவட்டத்திலுள்ள உதகமண்டலத்தில் பிறந்தார். தந்தையார் ருசுதம் படேல். சென்னை மாகாணத்தில் வாழ்ந்த பார்சி மக்கள் அக்காலத்தில் சில நூறு பேரே ஆவர். மேரி பள்ளிக் கல்வியைச் சென்னையில் பெற்றார். பதினெட்டாம் வயதில் நோகி கிளப்வாலா என்பவரை மணந்தார். 1930இல் இவர்களுக்குக் குசுரோ என்ற மகன் பிறந்தார்.

1935இல் நோய்வாய்ப்பட்டுக் கணவர் இறந்தார். அப்போது மேரிக்கு வயது இருபத்தாறு; மகனுக்கு ஐந்து. இவ்விழப்பிற்குப் பின்னரே மேரி பொதுத்தொண்டில் முழுமையாக ஈடுபடலானார். பல ஆண்டுகள் கழித்து, நலப்பணிகளில் ஆர்வம் கொண்டிருந்த படை அலுவலர் மேஜர் சந்திரகாந்த் ஜாதவ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அதன் பின்னர் மேரி கிளப்வாலா ஜாதவ் என அறியப்பட்டார்.

கில்ட் ஆஃப் சர்வீஸ்

கில்ட் ஆஃப் சர்வீஸ் எனும் தொண்டு நிறுவனம் 1923இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அன்றைய சென்னைப் பேராயரின் துணைவியார் திருமதி வாலர் இதனை நிறுவினார். தொடக்கக் காலத்தில் இதில் பெரும்பாலும் ஆங்கிலேயப் பெண்களே பணியாற்றினர். மேரி இந்நிறுவனத்தில் இணைந்து படிப்படியாக அதன் பொறுப்புகளை ஏற்றார். வெவ்வேறு சமயங்களையும் சமூகங்களையும் சேர்ந்த இந்தியப் பெண்களை அதன் பணிகளில் ஈடுபடுத்தினார். ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு, பெண்கல்வி, மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வு எனப் பல துறைகளில் அந்நிறுவனத்தின் பணி விரிவடைந்தது.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை வழியாகப் பெருந்தொகையான படைவீரர்கள் பயணம் செய்தனர். ஐரோப்பிய வீரர்களுக்குப் பல வசதிகள் செய்து தரப்பட்டிருந்தன. இந்திய வீரர்களுக்கு அத்தகைய வசதிகள் இல்லாததைக் கண்ட மேரி, 1942இல் இந்திய விருந்தோம்பல் குழு என்ற அமைப்பை ஏற்படுத்தினார். பல சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் இதில் தொண்டாற்றினர். சிற்றுண்டிச் சாலைகள் நடத்துதல், மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களைச் சென்று காணுதல், வீரர்களின் குடும்பங்களுக்கு உதவுதல் ஆகியன இக்குழுவின் பணிகளாக இருந்தன.

போர் முடிந்த பின்னர் பதினான்காம் படை இவரது தொண்டைப் பாராட்டும் விதமாகச் சப்பானிய வாள் ஒன்றைப் பரிசளித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பாவும் இவரது பணியைப் பாராட்டியவர்களுள் ஒருவர்.

பயிற்சியின் தேவை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவில் சமூக சேவை என்பது பெரும்பாலும் வசதி படைத்தோரும் சமய நிறுவனங்களும் ஓய்வு நேரத்தில் ஆற்றும் அறச்செயலாகவே கருதப்பட்டது. அதற்கெனத் தனிப்பயிற்சி தேவை என்ற எண்ணம் பரவலாக இல்லை. இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்வி நிறுவனம் 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பட்டதாரிப் பள்ளி என்ற பெயருடைய அதன் முதல் இயக்குநர் அமெரிக்கரான கிளிபர்டு மான்சார்ட். அது 1944இல் டாடா சமூக அறிவியல் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மேரி தொண்டில் இறங்கியபோது இந்தியாவில் எங்கும் இத்தகைய கல்வி கிடைக்கவில்லை.

இதற்கிடையில் பயிற்சி பெற்றவர்களுக்கான தேவை பல திசைகளிலிருந்து எழுந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம், சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர்களைத் தனியே விசாரிக்கவும் பராமரிக்கவும் வழிவகுத்தது. அச்சிறுவர்களின் குடும்பநிலையை விசாரித்து அறிக்கை தரக்கூடியவர்கள் நீதிமன்றங்களுக்குத் தேவைப்பட்டனர். 1946இல் போர் குழு வெளியிட்ட அறிக்கை, மருத்துவமனைகளில் சமூகப்பணியாளர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. நாட்டுப் பிரிவினையின்போது அகதிகளுக்கான நலப்பணி அதுவரை காணாத அளவில் தேவைப்பட்டது. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியம் அமைந்தபோது, அரசின் நிதி தொண்டு நிறுவனங்களைச் சென்றடையத் தொடங்கியது. அந்நிதியைப் பயன்படுத்திப் பணியாற்ற முறையறிந்த பணியாளர்கள் வேண்டியிருந்தனர்.

சென்னை சமூகப்பணிப் பள்ளி

இச்சூழலில் 1952ஆம் ஆண்டில் மேரி சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க் என்ற ஆங்கிலப் பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. இந்திய சமூகப்பணி மாநாட்டின் சென்னை மாநிலக் கிளையும் கில்ட் ஆஃப் சர்வீஸ் நிறுவனமும் இணைந்து இதனை ஏற்படுத்தின. தென்னிந்தியாவில் இத்துறைக்கெனத் தோன்றிய முதல் கல்வி நிறுவனமாக இது கருதப்படுகிறது. எழும்பூரில் காசா மேஜர் சாலையில் இது அமைந்துள்ளது.

தொடக்கத்தில் இங்குப் பட்டயப் படிப்பு நடத்தப்பட்டது. பின்னர் இப்பள்ளி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து முதுகலைப் பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்தது.

சமூகப்பணிக் கல்வியில் வகுப்பறைப் பாடத்திற்கு இணையான இடம் களப்பணிக்கு உண்டு. மாணவர்கள் வாரத்தின் சில நாட்களை மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொழிற்சாலை, குடிசைப்பகுதி போன்ற இடங்களில் கழிப்பர். அங்குக் கண்டவற்றையும் செய்தவற்றையும் அறிக்கையாக எழுதி மேற்பார்வையாளரிடம் அளிப்பர். தனியாள் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு என்பன அடிப்படை முறைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. உதவி நாடி வருபவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டல், அதனைப் பிறரிடம் வெளியிடாதிருத்தல், அவருக்காகத் தான் முடிவெடுக்காமல் அவரே முடிவெடுக்கத் துணைநிற்றல் ஆகியன இப்பயிற்சியின் நெறிகளாகும். நல்லெண்ணம் மட்டும் கொண்ட தொண்டருக்கும் பயிற்சி பெற்ற பணியாளருக்கும் உள்ள வேறுபாடு இந்நெறிகளிலேயே புலப்படும்.

தகுதியும் சட்டமும்

இந்தியாவில் மருத்துவர்களுக்கும் வழக்குரைஞர்களுக்கும் உள்ளது போன்று எல்லாச் சமூகப்பணியாளர்களுக்கும் பொதுவான உரிமச் சட்டம் இல்லை. எனினும் சில பணிகளுக்கு மட்டும் பயிற்சியைச் சட்டம் கட்டாயமாக்கியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளில் நல அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என விதித்தது. இவ்வலுவலர்களுக்குரிய தகுதிகளை மாநில அரசுகள் விதிகளாக வகுத்தன. அரசு ஏற்பு பெற்ற சமூக அறிவியல் பட்டம் அல்லது பட்டயமும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழியில் போதிய அறிவும் அவற்றுள் அடங்கும். இதனால் சமூகப்பணிப் பள்ளிகளில் பெறும் பட்டயம் ஒருவகையில் பணி உரிமத்தைப் போன்ற மதிப்பைப் பெற்றது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவ்வேற்பாட்டை மலைத் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றது. 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தோட்டங்களில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என்றது. மேரி பிறந்த நீலகிரியின் பெரிய தேயிலைத் தோட்டங்கள் இதன் கீழ் வந்தன. முதலில் தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனா தோட்டங்களுக்கு மட்டும் பொருந்திய இச்சட்டத்தில் ஏலக்காய்த் தோட்டங்கள் பின்னரே சேர்க்கப்பட்டன. எனினும் ஏலமலையில் சிறு தோட்டங்களே மிகுதி. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்துள்ள ராசிங்காபுரம் போன்ற அடிவார ஊர்களிலிருந்து மலையேறி வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களில் பலர், இவ்வெண்ணிக்கை வரம்பை எட்டாத தோட்டங்களிலேயே பணிபுரிகின்றனர். ஆகையால் பயிற்சி பெற்ற நல அலுவலர் என்ற ஏற்பாடு அவர்களைப் பெரும்பாலும் சென்றடையவில்லை. மேற்கண்ட இரு சட்டங்களுக்கும் மாற்றாக, 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் வரம்பு 250 தொழிலாளர்கள் எனக் குறைக்கப்பட்டுள்ளது.

மனநலத் துறையில் பதிவு முறை மேலும் தெளிவானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநலச் சமூகப்பணியாளர் எனப்படுபவர் சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதற்குப் பின் மனநலச் சமூகப்பணியில் இரண்டு ஆண்டு முழுநேர ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்றிருத்தல் வேண்டும். இவர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு மாநில மனநல ஆணையங்களுக்கு அளிக்கப்பட்டுள்ளது. 2021இல் இயற்றப்பட்ட துணைமருத்துவ மற்றும் உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப்பணியாளர்களையும் மனநலச் சமூகப்பணியாளர்களையும் தனது அட்டவணையில் சேர்த்துள்ளது.

பிற நாடுகளில் இம்முறை முன்னரே வேரூன்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1945இல் சமூகப்பணியாளர் பதிவு தொடங்கியது. இங்கிலாந்தில் 2005 முதல், பதிவு பெறாத எவரும் தம்மைச் சமூகப்பணியாளர் என்று அழைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிப்பதில்லை.

மேரியின் வாழ்க்கையை இப்பின்னணியில் நோக்கும்போது ஒரு முரண் தென்படுகிறது. பதினெட்டு வயதில் மணம் புரிந்து, இருபத்தாறு வயதில் கைம்பெண்ணாகி, பணியிலேயே பணியைக் கற்றவர் அவர். பிற்காலச் சட்டங்கள் கோரும் தகுதிகளின்படி அவர் ஒரு மருத்துவமனையில் மனநலச் சமூகப்பணியாளராகவோ, ஒரு தொழிற்சாலையில் நல அலுவலராகவோ அமர்ந்திருக்க இயலாது. தொண்டுள்ளம் கொண்ட தன்னார்வலர்களை ஒதுக்காமல், அவர்களுக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்களையும் அமர்த்தும் ஏற்பாட்டையே அவர் வளர்த்தார். கில்ட் ஆஃப் சர்வீஸ் தன்னார்வலர்களின் அமைப்பாகவும், சமூகப்பணிப் பள்ளி பட்டதாரிகளின் நிறுவனமாகவும் ஒரே காலத்தில் இயங்கின. சமூகப்பணிக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டால் தன்னார்வலர்களின் இடம் என்னவாகும் என்ற கேள்வி இத்துறையில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. இருவகைப் பணியாளருக்கும் இடமுண்டு என்பதற்கு மேரியின் நிறுவனங்கள் எடுத்துக்காட்டாக உள்ளன.

பிற பணிகள்

மேரி சென்னை நகரின் செரீப்பாகப் பதவி வகித்துள்ளார். குழந்தைகள் நலத்தில் தனி ஈடுபாடு கொண்டிருந்த இவர், இந்தியக் குழந்தை நல மன்றத்தின் தமிழகப் பணிகளில் பங்கேற்றார். அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான பால விகார் நிறுவனமும் இவரது முயற்சியால் சென்னையில் உருவானது. அத்தகைய குழந்தைகளுக்கெனத் தனிப்பள்ளிகள் மிகவும் அரிதாக இருந்த காலத்தில் இது தொடங்கப்பட்டது.

விருதுகள்

பிரித்தானிய அரசின் பிரித்தானியப் பேரரசு ஒழுங்கின் உறுப்பினர் விருது
பத்மசிறீ – 1955
பத்ம பூசண் – 1968
பத்ம விபூசண் – 1975

மறைவு

மேரி கிளப்வாலா ஜாதவ் 1975ஆம் ஆண்டில் காலமானார். பத்ம விபூசண் விருது அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவர் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளியிலும், அதன் பின்னர் தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் தொடங்கப்பட்ட சமூகப்பணித் துறைகளிலும் பயின்றவர்கள் மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், குழந்தைகள் நலக் குழுக்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் பணியாற்றி வருகின்றனர். எல்லாச் சமூகப்பணியாளர்களுக்கும் பொதுவான ஒரு தேசிய மன்றத்தைச் சட்டத்தின் மூலம் அமைக்க வேண்டும் என்பது இத்துறையினரின் நெடுநாள் கோரிக்கையாகும்.