பூச்சி தேடிப் புறப்பட்டவர்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

பரிணாமம் என்றவுடன் நம் நினைவில் தோன்றுபவர் டார்வின். அவரோடு ஒருங்கே எண்ணப்பட வேண்டிய ஆல்பிரட் ரசல் வாலஸ் நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய கொள்கையைவிட, அவர் காட்டுப் பயணத்திற்குத் திட்டமிட்ட முறையே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அதனையே இங்கு எழுத விழைகின்றேன்.

வேல்ஸ் நாட்டின் உஸ்க் என்னும் ஊரில் 1823-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் வாலஸ் பிறந்தார். குடும்பத்தின் வறுமையால் பதினான்கு வயதிலேயே பள்ளிப்படிப்பு நின்றது. பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். தமையனாரோடு நில அளவைப் பணி செய்து பிழைத்தார். 1844-இல் லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியராய் இருந்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்புக் கிட்டியது. பேட்ஸ் சேர்த்து வைத்திருந்த வண்டுகளைக் கண்டது முதல் வாலஸின் வாழ்வே திசை மாறியது.

அமேசான் காட்டுக்குச் செல்ல நண்பர் இருவரும் முடிவு செய்தனர். டார்வினுக்குச் செல்வத் தந்தை இருந்தார். இவர்களுக்கு யார் இருந்தார்? ஆகவே, செலவுக்கு வழி தேடுவதே திட்டத்தின் முதற்படியாயிற்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வண்ணத்துப்பூச்சி வல்லுநர் டபிள்டேயைக் கலந்தனர். வடபிரேசில் பூச்சிகள் ஐரோப்பாவில் அதிகம் அறியப்படாதவை. விற்றால் பயணச் செலவு தேறும் என்று தெரிந்தது. விற்றுத் தர சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவரை அமர்த்தினர். எவை அரியவை என்று அறிய அருங்காட்சியகச் சேகரிப்புகளைப் பார்த்துப் பயின்றனர். பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தவும் பழகிக்கொண்டனர். இத்தனைக்கும் பின்னால், உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்ற பெரும் வினா ஒன்று இருந்தது. வயிற்றுக்கும் அறிவுக்கும் ஒரே பூச்சியை நம்பிப் புறப்பட்ட அந்தத் துணிவை என்னவென்பது!

1848 ஏப்ரலில் லிவர்பூலிலிருந்து கப்பலேறி மே மாத இறுதியில் பாரா துறைமுகத்தை அடைந்தனர். பின்னர் இருவரும் தனித்தனி வழியே சென்றனர். வாலஸ் நான்காண்டுகள் ஆற்றிலும் காட்டிலும் அலைந்தார். உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851-இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார்.

1852-இல் வாலஸ் தாயகம் திரும்பினார். முன்னரே அனுப்பியிருக்க வேண்டிய பெட்டிகள் சுங்கத் தடையால் மனாவுஸ் நகரிலேயே தேங்கிக் கிடந்தன. அவற்றையும் தம்மோடு ஏற்றிக்கொண்டார். ஆகஸ்ட் 6-ஆம் நாள் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. ஒரு தகரப் பெட்டியில் சில வரைபடங்களும் குறிப்புகளும் மட்டுமே தப்பின. பத்து நாட்கள் திறந்த படகில் தவித்தபின் வேறொரு கப்பல் மீட்டது. ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு 200 பவுனுக்குக் காப்பீடு செய்திருந்ததால் அவர் பட்டினியின்றித் தப்பினார்.

வேறொருவராயின் காடே வேண்டா என்றிருப்பார். வாலஸோ அவ்வாண்டு இறுதியிலேயே அமேசான் குரங்குகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். அகன்ற ஆறுகள் குரங்கினங்களுக்கு எல்லையாக அமைகின்றன. ஆகவே ‘பிரேசில்’ என்று பொதுப்பட எழுதினால் போதாது, ஆற்றின் எக்கரை என்பதும் வேண்டும் என்பது அவர் கருத்து. எரிந்த பெட்டிகளிலிருந்து எரியாமல் மீண்ட பாடம் இது என்பேன்.

1854-இல் மலாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டார். இம்முறை உயிர்களைப் பிடித்த இடத்தைச் சீட்டில் குறித்துச் சேர்த்தார். சேர்த்தவற்றை அவ்வப்போது அனுப்பி வைத்தார். எட்டாண்டுகளில் சேர்ந்தவை 1,25,660. அவற்றுள் வண்டுகள் மட்டும் 83,200. பாலி, லொம்போக் தீவுகளுக்கிடையே குறுகிய கடல்தான். ஆயினும் இருபுறத்துப் பறவைகளும் வேறு வேறு என்று கண்டார். அவ்வெல்லை இன்றும் ‘வாலஸ் கோடு’ எனப்படுகிறது. இயற்கைத் தேர்வு பற்றி அவர் டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை, டார்வினின் எழுத்துகளோடு 1858 சூலை முதல் நாள் லண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது. 1913-இல் தமது தொண்ணூறாம் வயதில் வாலஸ் மறைந்தார்.

ஆய்வகக் கண்ணாடிப் பெட்டிகளைக் காணுந்தோறும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஊசியின் கீழுள்ள சீட்டில் ஊரும் நாளும் இல்லையேல் அந்தப் பூச்சி வெறும் உலர்ந்த உடல். இருந்தால் அது ஒரு சான்று. இன்று சரணாலயத்தில் பூச்சி பிடிக்க அனுமதி வேண்டும். நம் வீட்டுத் தோட்டத்தில் கண்டதை, கண்ட இடத்தோடும் நாளோடும் எழுதி வைக்க யார் அனுமதியும் வேண்டா. வசதியற்ற மாணவனும் இன்றே தொடங்கக்கூடிய ஆராய்ச்சி அதுவே.