பாட் ரேட்டுக்குள் ஒரு மனிதர்

புராஜெக்ட்டுக்காக ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் போயிருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. தோலோட பரப்பளவை அளக்கும் மெஷின்ல இருந்து, யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியா ராஸ்ப்பெரி பைக்கு சீரியல் கேபிள் போட்டு, சி-யில் கோடும் எழுதியாச்சு. ஆனா சதுர அடிக் கணக்கு வர வேண்டிய இடத்துல வர்றதெல்லாம் குப்பை எழுத்து. தோலுக்கு விலையே சதுர அடிக்குத்தான். ஒரு எண் தப்பினா பணம் தப்பும். சீனியர் முதலில் கேட்பது, பாட் ரேட் சரியா இருக்கான்னுதான்.

அந்த 'பாட்' ஒரு மனிதரின் பெயரில் பாதி. முழுப்பெயர் எமில் போடோ.

1845-ல் பிரான்சின் மாக்னூ கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். படித்தது ஆரம்பப் பள்ளி மட்டும். 1869-ல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஒரு கம்பியில் ஒரே நேரத்தில் பலர் செய்தி அனுப்ப முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. ஆராய்ச்சிக்கு ஆபீஸ் நேரம் ஒதுக்கவில்லை. வேலை முடிந்த பிறகு சொந்த நேரத்தில்தான் செய்தார். 1874-ல் காப்புரிமை வாங்கினார்.

அவர் முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து துடிப்பு, எல்லாம் ஒரே நீளம். ஆக 32 சேர்க்கைகள். எண்களுக்கு இடம் போதாததால் ஷிஃப்ட் வைத்தார். ஆபரேட்டருக்கு ஐந்தே கீ. இரண்டு முனையிலும் சுழலும் ஒரு கருவி கம்பியை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பங்கு போட்டுக் கொடுக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றணும். கொஞ்சம் பிசகினாலும் மறுமுனையில் குப்பைதான். ஆமாம், உங்க ஸ்க்ரீன்ல வர்ற அதே குப்பை!

1877-ல் பாரிஸ்–போர்தோ கம்பியில் அது ஓடியது. அடுத்த வருடமே பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். வீட்டில் மட்டும் சோகம்: 1890-ல் கல்யாணம், சில மாதங்களிலேயே மனைவி இறந்துவிட்டார். உடல்நலம் குன்றி, 1903-ல் 57 வயதில் போடோவும் போய்விட்டார். 1920களில் தந்தி வேகத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சுருக்கி வைத்தார்கள்.

இப்போ உங்க கோடுக்கு வாங்க. டிஎக்ஸ், ஆர்எக்ஸ் பின்னை இணைத்து லூப்பேக் பார்த்தா எல்லாம் சரியாத்தான் வரும். தனக்குத்தானே பேசும்போது வேகம் எப்படி மாறும்? அதனால மெஷின் மேனுவலை எடுத்து வேகம், பேரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறமும் வரி வராம நின்னா, போர்ட் ரா மோடில் இருக்கான்னு பாருங்க.

9600-ன்னு டைப் பண்ணும்போது அந்த மாக்னூ விவசாயி மகனை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.