முத்துச் சிப்பியின் கணக்கைத் தேடிய ஹார்னெல்

(பத்தாம் வகுப்பு மாணவி, ஒரகடம்)

முத்து என்றதும் கொற்கையும் பாண்டிய மன்னர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்த முத்துச் சிப்பி ஓராண்டு கோடிக் கணக்கில் கிடைப்பதும், பிறகு பல ஆண்டுகள் கண்ணில் படாமலே போவதும் ஏன் என்று ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற பிரிட்டிஷ் அறிஞரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஹார்னெல் 1865-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் ஜெர்சித் தீவில் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து வந்தார். அந்நாளில் இலங்கை அரசுக்கு ஒரு பெருங்கவலை. 1891-க்குப் பின் மன்னார்க் கடலில் அவர்கள் பக்கம் முத்துக் குளிப்பே நடக்கவில்லை. காரணம் அறிய லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக 1902-இல் வந்தவர்தாம் ஹார்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார், ஹார்னெல் தங்கிவிட்டார்.

கடலடியில் சிப்பி வாழும் பாறைத் திட்டைப் பார் என்பர். அவ்வாண்டு மார்ச்சில் பெரிய பார் என்னும் திட்டு முழுவதும் இளஞ்சிப்பிகள் அடர்ந்து கிடந்தன. நவம்பரில் சென்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை! இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்று அத்தனையையும் அடித்துச் சென்றிருந்தது. யாரும் திருடவுமில்லை, அளவுக்கு மீறி அள்ளவுமில்லை.

சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. சில வாரங்கள் நீரோட்டத்தின் போக்கில் மிதக்கும். பிறகு கெட்டியான பாறையில் ஒட்டினால்தான் பிழைக்கும்; மணலிலோ ஆழ்கடலிலோ விழுந்தால் மடியும். ஒட்டிய பின்னும் திருக்கை மீன் நொறுக்கித் தின்னும், மணல் மூடும், நெருக்கத்தால் ஒன்றையொன்று அமுக்கும். இவற்றிலெல்லாம் தப்பி நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்தால்தான் குளிக்கத் தகுதி. எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரிகளில் மழை பொய்த்தால் மீன் இராது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். கடல் என்றும் நிறைந்திருப்பதால் அதிலும் இப்படி ஒரு பஞ்சம் உண்டு என்று நமக்குத் தோன்றுவதில்லை.

கரைமாறும் வாய்ப்புள்ள பார்களிலிருந்து இளஞ்சிப்பியை எடுத்துப் பாதுகாப்பான பார்களில் இடலாம் என்பது இவ்விருவரின் யோசனை. இதற்கிடையே நல்ல காலம் திரும்பியது. 1905-இல் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த ஆசையில் ஒரு கம்பெனி 1906-இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-உடன் சிப்பி மறைந்தது; கம்பெனியும் மூழ்கியது. பணம் போட்டவர்கள் நிலை ஒருபுறமிருக்க, கல்லைக் காலில் பிடித்து, மூச்சை அடக்கி இறங்கும் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் என்ன செய்திருப்பர்? அவர்கள் பெற்ற கூலி பணமன்று. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. சிப்பி இல்லையேல் பங்கும் இல்லை.

பின்னர் ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து, 1918 முதல் 1924 வரை அதன் இயக்குநராக விளங்கினார். சங்கைப் பற்றி 1914-இலும், மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பைப் பற்றி 1922-இலும் நூல்கள் வெளியிட்டார். மேற்குக் கரையில் மத்தி மீன் ஓராண்டு குவிவதும் மறு ஆண்டு குறைவதும் ஏன் என்றும், ராமசாமி நாயுடு என்ற அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்தார். படகுகள் மீதும் அவருக்குத் தீராத ஆசை. ஓய்வு பெற்றபின் பசிபிக் தீவுகளுக்குச் சென்று அங்குள்ள ஓடங்களைப் பற்றி எழுதினார். மீன்துறை அதிகாரிக்கு ஓடத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். மீனவர் வாழ்வில் ஒரு பகுதியை விட்டு மறு பகுதியை அவரால் பார்க்க முடியவில்லை போலும்!

1949-இல் அவர் மறைந்தார். அப்போது தூத்துக்குடிப் பார்கள் 1928 முதல் வெறுமையாய்க் கிடந்தன. 1955-இல் சிப்பி திரும்பி வந்தது. 1961 வரை குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. 1973-இல் தூத்துக்குடியில் விஞ்ஞானி அழகர்சாமி சிப்பிக்குள் முத்தை வளரச் செய்து காட்டினார். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையும் அங்கே தொட்டியில் பொரிக்க வைத்தனர். அந்தத் தொட்டியில் நீரோட்டமும் இல்லை, திருக்கையும் இல்லை.