சமதர்மம் தேடிய ஈரோட்டு வியாபாரி

அந்தியூரிலிருந்து பவானி வழியாகத் தெற்கே போனால் ஈரோடு வரும். மண்டிக்கடைகள் நிறைந்த ஊர். அங்கே 1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெரியார் என்று நாடு அழைத்த ஈ. வெ. இராமசாமிதான் அந்தக் குழந்தை.

தந்தை வெங்கட்ட நாயக்கர் கூலி வேலையில் தொடங்கி, பெரிய வியாபாரி ஆனவர். மகன் பள்ளியில் அதிகம் படிக்கவில்லை. சிறு வயதிலேயே மண்டியில் உட்கார்ந்தார். வியாபாரத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியும் தேடி வந்தது.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்ததும் வியாபாரத்தை விட்டார். கதர்த் துணியைத் தோளில் சுமந்து விற்றார். 1925இல் காங்கிரசை விட்டு விலகி, சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார்.

ரஷ்யா சென்றார்

1932இல் சோவியத் ரஷ்யாவுக்குப் போய், சுமார் மூன்று மாதம் சுற்றிப் பார்த்தார். அங்கே ஆலைகளுக்குத் தனி முதலாளி கிடையாது. அந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்தது. ஊர் திரும்பியதும், எல்லாரையும் தோழர் என்றே அழைக்கச் சொன்னார். குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் வைத்தார்!

அந்த ஆண்டு டிசம்பரில் ஈரோட்டில் தொண்டர்கள் கூடினார்கள். சிங்காரவேலர் ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். ரயில், கப்பல், பாங்கி, ஆலை எல்லாம் மக்களுக்குப் பொதுவாக வேண்டும் என்றது அந்தத் திட்டம்.

வெள்ளைக்கார அரசாங்கம் சும்மா இருக்குமா? 'குடிஅரசு' ஏட்டில் 1933இல் வெளிவந்த ஒரு தலையங்கத்துக்காக அவர் மீது வழக்குப் போட்டது. பெரியார் சிறை சென்றார். தங்கை கண்ணம்மாளும் தண்டனை பெற்றார்.

உடைமையா, உரிமையா?

அரசாங்கம் ஒரு தொழிலை நடத்தினால் அது சமதர்மம் ஆகிவிடுமா? தபாலும் தந்தியும் அன்று அரசாங்கத்தின் கையில்தான் இருந்தன. அதனால் தபால்காரரின் வறுமை தீர்ந்துவிடவில்லை.

ரயிலைப் பாருங்கள். ஒரே கட்டணம் கொடுத்து எல்லாரும் ஒரே வண்டியில் வந்தார்கள். நிலையத்தில் இறங்கியதும் சாப்பாட்டு விடுதியில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறு இடம்! பெரியார் இதை எதிர்த்துப் போராடினார். 1941இல் அந்தப் பாகுபாடு ஒழிந்தது.

சொத்தைப் பொதுவாக்கினால் மட்டும் போதாது, மனிதருக்குள் சம உரிமையும் வேண்டும் என்பது அவர் கொள்கை. இல்லாவிட்டால் பொதுச் சொத்தின் பலனையும் மேல் சாதியாரே அனுபவிப்பார்கள் என்று எச்சரித்தார். முதலாளித்துவத்தை ஒழிப்பதே முதல் வேலை என்று ஜீவானந்தம் போன்றவர்கள் எண்ணினார்கள். 1935க்குப் பிறகு இரு தரப்பும் பிரிந்தன. ஒரே இலையில் சோறு உண்டவர்கள் வேறு வேறு மேடை ஏறினார்கள்.

1969இல் மத்திய அரசு 14 பாங்கிகளை ஏற்றது. அப்போது பெரியாருக்கு வயது 89. 1973 டிசம்பர் 24ஆம் நாள் அவர் காலமானார்.

பாங்கி யாருடையது என்பது ஒரு கேள்வி. கடன் கேட்டு வரும் ஏழைக்கு அங்கே நாற்காலி உண்டா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விடை கிடைத்தால்தான் அது சமதர்மம்.